நீடாமங்கலம் கேட்டும் யுஜிசி விதிகளும்

பெறுநர்: மேன்மை தங்கிய தலைவர் அவர்கள், பல்கலைக்கழக மானியக் குழு, புது டெல்லி.

பொருள்: பல்கலைக்கழகத்தில் தடகளமும் உடற்கல்வியும் கற்பிப்போருக்கான தகுதிகள் – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள்.

பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி உதவி இயக்குநராகவோ, கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகவோ சேர, உடற்கல்வியில் அல்லது விளையாட்டு அறிவியலில் 55 விழுக்காட்டு மதிப்பெண்ணுடன் முதுகலைப் பட்டம் வேண்டும். பல்கலைக்கழக, கல்லூரி அணிக்கோ மாநில, தேசியப் போட்டிகளிலோ ஆடியதற்கான ஆவணம் வேண்டும். தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேறியிருக்க வேண்டும். விதிப்படி முனைவர் பட்டம் பெற்றவருக்கு இதில் விலக்கு உண்டு. இத்தனைக்கும் பிறகு உடல்தகுதித் தேர்வு. தஞ்சை–நாகை சாலையில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பாசஞ்சர் போய்விட்டதே என்று வண்டியை ஸ்டார்ட் செய்தால், நெல் மூட்டை ஏற்றும் சரக்கு ரயில் ஷண்டிங்குக்கு வந்து நிற்கும்.

நெட் தேர்வு உட்கார்ந்து எழுதுவது. மூன்று மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண். ஓட்டக்காரரின் பொறுமையைச் சோதிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. 2024 ஜூன் 18 அன்று நாடெங்கும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய அந்தத் தேர்வு மறுநாளே ரத்தானது. கேட்டைத் திறந்து, வண்டிகள் தண்டவாளத்தில் ஏறிய பிறகு மறுபடி இறக்கிய கதைதான். தமிழ்நாட்டின் செட் தேர்வோ 2018-க்குப் பின் 2025 மார்ச்சில்தான் திறந்தது. ஏழு ஆண்டு மூடிக்கிடந்த கேட் நீடாமங்கலத்தில்கூட இல்லை.

உடல்தகுதித் தேர்வில் குழுவின் கருணை பெருக்கெடுக்கிறது. ஆண்கள் 12 நிமிடத்தில், 30 வயது வரை 1800 மீட்டர், 40 வரை 1500, 45 வரை 1200, 50 வரை 800 மீட்டர் ஓடவோ நடக்கவோ வேண்டும். பெண்களுக்கு 8 நிமிடம். தூரம் முறையே 1000, 800, 600, 400 மீட்டர். ஐம்பது வயதுக்காரர் மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் போனால் போதும். கேட் மூடியதும் வண்டியை விட்டு இறங்கி டீக்கடைக்குப் போகிறவர்கள் இதைவிட விரைவாகவே போகிறார்கள்.

ஓடுவதற்கு முன் உடல்நலச் சான்று தரவேண்டும் என்பது இதே விதியின் இன்னொரு பகுதி. அண்மையில் டெல்டாவில் உள்ள ஒரு கல்லூரி நேர்காணலில் இதன் அருமை விளங்கியது. நீடாமங்கலத்து விண்ணப்பதாரர் ஒருவர், அறுவடை முடிந்த வயலிலும் வெண்ணாற்றங்கரையிலும் ஓடிப் பழகியவர், 1800 மீட்டரைப் பதினொரு நிமிடத்துக்குள் முடித்தார். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மேசைக்கு வந்தார். ஃபைலைப் புரட்டியவர் நிமிரவில்லை.

"டாக்டர் சர்டிபிகேட் எங்க தம்பி?"

"ஓடி முடிச்சிட்டனே சார்."

"ஓடுனத யாரு இல்லேன்னா? ஓடலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரா?"

ஓட்டம் செல்லாது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மூச்சு வாங்க எதிரில் நிற்பவரைவிட முத்திரை குத்திய தாளே நம்பத்தக்கது என்ற கொள்கையை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது.

பதக்கக்காரர்களுக்குக் குழு தனிக் கேட் வைத்திருக்கிறது. ஆசிய விளையாட்டு அல்லது காமன்வெல்த் பதக்கம் பெற்றவர் உதவி இயக்குநராகலாம். ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப் பதக்கம் பெற்றவர் துணை இயக்குநராகலாம். இரண்டுக்கும் முதுகலைப் பட்டம் கட்டாயம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டி அதைப் பறித்துக்கொண்டார்கள். செங்கல் சூளையில் வேலை பார்த்தவர், பின்னாளில் பெங்களூரில் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்றுநர் பட்டயம் முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்றுநரானார். 800 மீட்டரை எப்படி ஓடுவதென்று அவரிடம் கற்கலாம். பல்கலைக்கழகத்தின் பதக்கக் கேட்டில் மட்டும் அவர் பெயருக்கு நேரே பதக்கம் இல்லை. அந்தப் பயிற்றுநர் பட்டயமும் உதவி இயக்குநருக்கான தகுதிப் பட்டியலில் இல்லை.

அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இல்லை. ஒரு மாணவனையாவது ஓடவைத்திருக்கிறாயா என்ற கேள்வி. நல்ல அணிகளை, வீரர்களை உருவாக்கியதற்கான ஆதாரம் துணை இயக்குநர் பதவிக்கு, முனைவர் பட்டமும் எட்டாண்டு அனுபவமும் சேர்ந்த பிறகுதான் கேட்கப்படுகிறது. முதல் எட்டாண்டு மாணவர்கள் எக்கேடு கெட்டால் என்ன? ஸ்டார்ட்டிங் பிளாக்கில் கால் வைக்கச் சொல்லித் தரத் தெரியாதவர் ஃபைலைச் சரியாக அடுக்கியதால் விசிலோடு மைதானத்தில் நிற்கிறார். தெரிந்தவர் தனியார் பள்ளியில் அற்பச் சம்பளத்துக்குக் காலை அசெம்பிளியில் வரிசை சரிபார்க்கிறார். இதற்குத் தகுதி நிர்ணயம் என்று பெயர் வைக்கக் கூச்சமாக இல்லையா?

இந்தக் கேள்வி கேட்டில் நெடுநேரம் நின்றவரின் எரிச்சல் என்று குழு பெருந்தன்மையுடன் கொள்ளட்டும். குழுவின் நோக்கம் உயர்ந்தது, தரம் காப்பது. கேட்கீப்பரும் அதைத்தான் சொல்வார், உயிர் காப்பது என்று. ஒரே வேறுபாடு, அவருக்கு எந்த ரயில் வருகிறதென்று தெரியும்.

ஆகவே அடுத்த திருத்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறோம்: விண்ணப்பதாரர் நேர்காணல் நாளன்று அரை மணி நேரம், முன்பின் அறியாத பத்து மாணவர்களுக்கு மைதானத்தில் பயிற்சி அளித்துக் காட்ட வேண்டும், அதைத் தேர்வுக் குழுவினர் அறைக்குள் இருந்தல்ல, வெயிலில் நின்று பார்க்க வேண்டும். குழுவுக்கு இதில் பைசாச் செலவு இல்லை.