கவுன்சிலர் யார்?

கேள்வி: எங்கள் வார்டில் ஓட்டு வாங்கியது மனைவி, தெருவிளக்கு முதல் தீர்மானம் வரை பேசுவது கணவர். யாரைக் கவுன்சிலர் என்பது?

பதில்: வெற்றிச் சான்றிதழில் யார் பெயரோ, அவரைத்தான்! கணவருக்கு வீட்டில் நாற்காலி உண்டு, மன்றத்தில் கிடையாது. தமிழக உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் ஒதுக்கியது அவர்கள் பேசத்தான். பட்ஜெட்டை அலசுவது, குடிநீர், குப்பை பற்றிக் கேள்வி எழுப்புவது, தீர்மானத்தில் வாக்களிப்பது எல்லாம் கவுன்சிலரான மனைவியின் பொறுப்பு. அதிகாரம் இருந்தால் சட்டமும் கூடவே வரும்: நகராட்சிக் கவுன்சிலரும் ஊழல் தடுப்புச் சட்டப்படி பொது ஊழியரே என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அடுத்த முறை சாக்கடை அடைத்தால், மனுவை அந்த அம்மாவின் கையிலேயே கொடுங்கள். பதிலையும் அவர் வாயாலேயே கேளுங்கள்.