வானத்துக் கல்லும் கிடார் தந்தியும்

கே: விண்கல் பிரியர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு பழைய ராக் இசைக்குத் தாவிவிடுகிறது. பீட்டில்ஸா, குயீனா என்று சண்டை வேறு. தீர்ப்புச் சொல்லுங்கள்!

ப: வானத்திலேயே எழுதியாயிற்று. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்களில் 4147 லெனன், 4148 மெக்கார்ட்னி, 4149 ஹாரிசன், 4150 ஸ்டார். பீட்டில்ஸ் நால்வரும் அடுத்தடுத்த எண்ணில்! குயீனின் ஃபிரெடி மெர்க்குரிக்கு 17473. சீனியர், பீட்டில்ஸ்தான்.

கே: குயீன் ரசிகன் நான். ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ப: வேண்டாம், உங்கள் பக்கம் குயீனின் கிடார் கலைஞர் பிரையன் மே இருக்கிறாரே! லண்டன் இம்பீரியல் கல்லூரியில், கோள்களுக்கு நடுவே சுற்றும் தூசியை ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1974இல் பாதியில் விட்டுவிட்டுக் கிடாரோடு கிளம்பினார். முப்பது வருஷத்துக்கு மேல் மேடைகளை அதிர வைத்துவிட்டு, திரும்பி வந்து அதே ஆராய்ச்சியை முடித்து, 2007இல் முனைவர் பட்டம் வாங்கினார். கௌரவப் பட்டம் இல்லை, உட்கார்ந்து எழுதி வாங்கியது. அந்தத் தூசி வால்நட்சத்திரங்களும் சிறுகோள்களும் உதிர்த்தது. விண்கல்லுக்கு ரத்த சொந்தம். பென்னு சிறுகோளில் விண்கலம் எங்கே மண் அள்ளலாம் என்று பார்க்க முப்பரிமாணப் படங்கள் செய்து உதவியவரும் இவரே. இப்படி ஒரு வாழ்க்கையைப் பார்த்து எனக்குப் பொறாமைகூட வருவதில்லை, மலைப்புதான்.

கே: விண்கல் தேடப் போகும்போது ஹெட்போனில் ராக் கேட்கலாமா?

ப: ஹெட்போன் மெட்டல் டிடெக்டருக்கு! ஆனால் வருத்தப்படாதீர்கள், ராக் கிடாரும் டிடெக்டரும் ஒரே வித்தைதான். எலெக்ட்ரிக் கிடாரில் எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் கலைந்து கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. டிடெக்டரில் மண்ணுக்கடியில் இருக்கும் விண்கல்லின் இரும்பு-நிக்கல் அதே வேலையைச் செய்கிறது.

கே: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் விண்கல் கிடைக்குமா?

ப: பொடியாகக் கிடைக்கும். ஊர்த் தூசியில் விண்துகளைப் பிரிக்கவே முடியாது என்று நிபுணர்கள் கைவிட்டிருந்த காலத்தில், நார்வேயின் ஜாஸ் கிடார் கலைஞர் ஜான் லார்சன் கூரைகளின் மழைநீர்க் கால்வாய்களைச் சுரண்ட ஆரம்பித்தார். ஆஸ்லோ, பாரிஸ், பெர்லின் என்று அலைந்து சேர்த்தவற்றில் 500 துகள்கள் அசல் என்று 2017இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. உடன் எழுதிய மேத்யூ கெஞ்ச், பிரையன் மே படித்த அதே இம்பீரியல் கல்லூரிக்காரர்!

நீங்களும் இறங்குங்கள். மாடியில் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் படிந்த வண்டலை அலசிக் காயவையுங்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் ஓட்டி, ஒட்டியதைச் சலித்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். தேட வேண்டியது சுமார் 0.3 மில்லிமீட்டரில், உருகி உறைந்த கரும் மணி. மேலே சீப்பால் வாரியதுபோல் கோடுகள் இருக்கும். சிலவற்றில் ஒரு முனையில் உலோகப் பொட்டு துருத்தும். வழவழவென்று பளபளக்கும் உருண்டைகளை நம்பாதீர்கள், பெரும்பாலும் வெல்டிங் பொறி. பட்டாசும் இதேபோல உருண்டைகளை உதிர்க்கும். அதனால் வண்டலைத் தீபாவளிக்கு முன்பே அள்ளிவிடுங்கள்.