ஆல்பம் மாமா

காரவள்ளியில் முதல் வளைவு வந்ததுமே ஆல்பம் மாமா கார்க் கண்ணாடியை இறக்கிவிடுவார். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மற்றவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்மூடிக் கிடக்க, இவர் ஒவ்வொரு வளைவின் எண் பலகையையும் படமெடுப்பார். 43 தவறிப்போனால் வண்டி திரும்ப வேண்டும்.

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்தான் என்கிறது புறநானூறு. மாமாவுக்கு ஒரு குரங்குக்கே முப்பது க்ளிக் ஆகும். அதில் பாதி, குரங்கு போன பிறகு எடுத்தவை.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கி முடித்ததும், "அருவி தெரியற மாதிரி நின்னு சிரி" என்பார். "முட்டி கழண்டு போச்சு, இதுல சிரிப்பு வேறயா?" என்பார் அத்தை. அந்த முகம்தான் ஆல்பத்துக்கு அட்டைப்படம்.

உண்மையான உற்சவம் வீட்டில். 2016-இல் கூகுள் கைகழுவிய பட மென்பொருளான பிகாசா, மாமாவின் பழைய லேப்டாப்பில் இன்னும் உத்தியோகம் பார்க்கிறது. படத்தைத் தானே திருத்தும் 'ஐ'ம் ஃபீலிங் லக்கி' பட்டனை மாமா ஒருமுறை அழுத்தி நிறுத்துபவர் அல்ல. சோளக்காட்டுச் சந்தைப் பலாச்சுளை செக்கச்செவேலென்று ஆகும். பக்கத்தில் நிற்கும் அத்தைக்கு மஞ்சள் காமாலை. முகம் தேடும் வசதியோ, அறப்பளீசுவரர் கோயில் சிற்பத்தைக் காட்டி, இவர் உங்கள் மகன்தானே என்று கேட்கும். மச்சான் அன்றிலிருந்து தொப்பி போடுகிறான்.

பகிர்வதற்கு மட்டும் கூகுள் போட்டோஸ். அங்கே 2021 ஜூன் முதல் ஏற்றும் படமெல்லாம் 15 ஜிபி இலவசக் கணக்கில் கழியும். மாமாவின் கணக்கு நிரம்பி, அத்தையின் கணக்கும் நிரம்பி, இப்போது, "மாப்ள, உங்க ஜிமெயில் சும்மாதான கிடக்குது?" என்கிறார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க் விழுந்த நிமிடமே எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிவிடுவார்கள். ஒருவரும் திறப்பதில்லை என்பது மாமாவுக்கும் தெரியும். அதனால் போன் வரும்.

"பாத்தீங்ளா மாப்ள?"

"பாத்தனுங் மாமா, சூப்பருங்."

"எது புடிச்சுது?"

"அந்த... எட்டுக்கை அம்மன் கோயில் படமுங்."

"அங்க நாம போகவே இல்லியே!"

ஆடி 18-இல் ஓரி விழாவுக்கு மாமா மறுபடி மலையேறுகிறார். லிங்க் வந்தால் மூன்று படத்தையாவது திறந்து பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்குங்கள். கேள்வி நிச்சயம்.