துரை போனார், வெள்ளை போகவில்லை

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் காட்டில் சண்டை நடந்தது. துரைமார் பெட்டி கட்டினார்கள். வெள்ளை மட்டும் கப்பலேறவில்லை. அதை வீட்டுக்குள் கூட்டிவந்து உட்காரவைத்து, சம்பளமே வாங்காமல் அதற்குக் கங்காணி வேலை பார்க்கிறோம்.

என்ன அருமையான நிர்வாகம்! பிள்ளை பிறந்த அன்றே பெரட்டு. "பொண்ணா, பையனா?" முடிந்ததும் "கலரா இருக்கா?" காது மடலைத் திருப்பிப் பார்த்து, வருங்கால நிறத்துக்கு ஜாதகம் கணிக்க ஒரு பாட்டி. பள்ளியில் 'காக்கா' என்று பெயர். ஆட்டத்தில் கடைசி வரிசை. பெண் பார்க்க வருகிற கன்னங்கரேல் மாப்பிள்ளைக்கும் சிவந்த பெண்தான் வேண்டும். இத்தனைக்கும் பிறகு அந்தக் கறுத்த பெண் கண்ணாடியைத் தவிர்த்தால், படம் எடுக்கும்போது ஒதுங்கினால், அறைக்கதவைச் சாத்திக்கொண்டால், "கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று மருத்துவச் சான்றிதழையும் நாமே எழுதிவிடுகிறோம்.

1940களில் அமெரிக்காவில் கென்னத், மேமி கிளார்க் தம்பதி கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டினார்கள். பல குழந்தைகள் தங்கள் நிறத்துப் பொம்மையையே கெட்டது என்றன. நம்மிடம் பொம்மைச் செலவு கிடையாது. அக்காவையும் தங்கச்சியையும் பக்கத்தில் நிறுத்தினால் போதும். மதிப்பெண் போட அத்தைமார் தயார்.

அடுத்தவன் செய்தால் மட்டும் நமக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். 2011இல் பள்ளிப் பாடநூலான 'இன்டர்லோக்' நாவல் நம்மை இழிவுபடுத்துகிறது என்று கொதித்தோம். அது பாடத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. 2017 நோன்புப் பெருநாள் விளம்பரத்தில் வாட்சன்ஸ் ஒரு நடிகைக்குக் கறுப்புச் சாயம் பூசி, பிறகு வெளுக்கவைத்துக் காட்டியது. எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கேட்டது. இரண்டும் நியாயமான கோபம். ஆனால் 2007இல் 'சிவாஜி' படத்தில் இரண்டு பெண்களுக்கு அதே சாயத்தைப் பூசி, பாரி மகளிரின் பெயரையும் சூட்டிக் கேலி செய்தபோது? விசிலடித்தோம். நம்மாள் பூசினால் அது நகைச்சுவை!

களிம்புக் கதை இன்னும் ருசியானது. சுகாதார அமைச்சு தடைசெய்யும் வெளுப்புக் களிம்புகளில் திரும்பத் திரும்பச் சிக்குவது பாதரசம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மனப்பதற்றத்தையும் மனச்சோர்வையும் தரும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். முதலில் வாயால் மனசை நொறுக்குவோம். பிறகு மிச்சத்தை முடித்துவைக்க டப்பாவில் விஷம் வாங்கிக் கொடுப்போம். 1975இல் பிறந்த 'ஃபேர் அண்ட் லவ்லி'யோ 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றிக்கொண்டு உத்தமியாகிவிட்டது.

கித்தாக் காட்டில் நின்று மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட தோல் இது. வெயிலைத் தாங்கியது, மழையைத் தாங்கியது, கொசுக்கடியைத் தாங்கியது. சொந்தக்காரர் வாயைத் தாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இனி தொட்டிலை எட்டிப் பார்த்து "கலரா?" என்று யார் கேட்டாலும் வாசலைக் காட்டுங்கள். பெரியம்மாவாக இருந்தாலும் சரி.