லேத்துக்குக் கால் முளைத்த கதை

அரை டன்னுக்கு மேல் எடையுள்ள லேத்தை ஒரு முழம் நகர்த்த நாலு ஆள் வேண்டும். அந்த நாலு ஆளுக்கும் டீ போட இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் சக்கர யோசனை உதித்தது அந்த ஐந்தாவது ஆளின் மண்டையில்தான்.

"ஏங்க, சிலிண்டருக்கு அடியில டிராலி வெச்சிருக்கோம். முப்பது கிலோவ நான் ஒத்தக் கையால இழுக்கிறேன். உங்க மிஷினுக்கு மட்டும் எதுக்கு ஊரையே கூட்டுறீங்க?"

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவனிடம் கேட்கிற கேள்வியா இது? எடை, உராய்வு, ஈர்ப்பு மையம் என்று ஆரம்பித்தேன். "டீத்தூள் தீந்துபோச்சு" என்றாள். விவாதம் அத்தோடு முடிந்தது.

ஷெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகிற மலை ரோட்டோரம் எங்கள் வீடு. பக்கத்திலேயே பதினாறுக்குப் பத்து அடியில் ஒரு கார் ஷெட். ஒரு பழைய மாருதி 800-க்காகக் கட்டியது. வண்டியை விற்றதும், பணியில் இருந்தவரை ஆசைப்பட்டு வாங்காமல் விட்டதையெல்லாம் செகண்ட் ஹேண்டில் வாங்கி உள்ளே இறக்கினேன். பஞ்சாபில் பட்டாலாவில் வார்த்த நாலரை அடி லேத், ஆளுயர டிரில்லிங் மிஷின், மரம் அறுக்கும் ரம்ப மேசை, வெல்டிங் செட், கிரைண்டர். ஒவ்வொன்றும் தனக்கே ஷெட் முழுவதும் சொந்தம் என்கிற மாதிரி நின்றன.

ஆனால் ஷெட் எனக்கு மட்டும் சொந்தமில்லை. மாசி பங்குனியில் அது புளிக் கிடங்கு. வைகாசி ஆனியில் பலாப்பழம் வந்து குவியும். ஐப்பசி கார்த்திகையில் மச்சான் வீட்டுச் சாமை மூட்டை அடுக்க இடம் வேண்டும். மழை பெய்தால் ஸ்கூட்டரும் ரெண்டு ஆடும் உரிமையோடு உள்ளே வந்துவிடும். புளிக்கும் இரும்புக்கும் ஆகாது. லேத்திலிருந்து தெறிக்கிற இரும்புச் சுருள் ஒன்று புளியில் கிடந்தாலும் போச்சு, அந்த வருஷத்து ரசம் முழுக்க என் பெயரால்தான் பேசப்படும். அதனால் பருவம் மாறும்போதெல்லாம் மிஷின்கள் இடம் மாறியே ஆக வேண்டும்.

சக்கரத்துக்கு முந்தைய காலத்தில் எங்களிடம் இருந்தவை கடப்பாரையும் ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் துண்டுகளும். கடப்பாரையால் ஒரு ஓரத்தை நெம்பி, இடுக்கில் கட்டை சொருகி, கட்டைக்குப் பதில் பைப்பை உள்ளே தள்ளுவோம். மறுபக்கமும் அப்படியே. பிறகு எல்லோரும் சேர்ந்து தள்ள, லேத் உருளும். பின்னால் கழன்று விழுகிற பைப்பை ஒருத்தர் எடுத்துக்கொண்டு முன்னால் ஓட வேண்டும். அந்த வேலை எப்போதும் மச்சானுக்கு, அவர்தான் வயதில் சின்னவர். மிஷினைத் திருப்ப வேண்டுமானால் பைப்பின் ஒரு முனையைச் சுத்தியலால் லேசாகத் தட்டிக் கோணலாக்க வேண்டும். பைப் எந்தப் பக்கம் கோணுகிறதோ அதற்கேற்ப மிஷின் மூக்கைத் திருப்பும். தட்டும்போது விரலை எங்கே வைத்திருக்கிறோம் என்பது முக்கியம். "மாமா, தட்டப் போறேன்னு சொல்லிட்டுத் தட்டுங்க" என்பது மச்சானின் நிரந்தரக் கோரிக்கை.

இந்த மலையில் இது புது வித்தையும் இல்லை. கீழ்ச்செப்பிலிப் பக்கம் போனால் பெருங்கற்காலத்துக் கற்திட்டைகளைப் பார்க்கலாம். நாலு பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக ஏற்றியிருப்பார்கள். அதெல்லாம் குள்ளர்கள் கட்டிய வீடு என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தக் குள்ளர்களுக்கு யார் டீ போட்டார்கள் என்று வீட்டில் கேட்டேன். பதில் வரவில்லை.

சரி, சக்கரம். திருப்பத்தூரில் ஒரு கடையில் போய்க் கேட்டதும் "சோபாவுக்கா, கட்டிலுக்கா சார்?" என்றார் கடைக்காரர். லேத்துக்கு என்றேன். கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "எத்தனை கிலோ?" என்றார். சட்டம் சேர்த்து அறுநூறு. "நாலு சக்கரம், நூத்தம்பது கிலோ தாங்குற மாதிரி போதும்." உலகம் முழுக்க இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள், தப்பான கணக்கு. சிமெண்ட் தரை எங்கேயும் கண்ணாடி மாதிரி இருப்பதில்லை. நாலு சக்கரம் வைத்த இரும்புச் சட்டம் எந்த நேரமும் மூன்று சக்கரத்தில்தான் நிற்கும். நாலாவது சும்மா ஒப்புக்குத் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆகவே எடையை மூன்றால் வகுக்க வேண்டும். இருநூறு வரும். அதற்கு மேலே கொஞ்சம் பயத்துக்காகச் சேர்த்து, முந்நூறு கிலோ தாங்குகிற சக்கரமாக வாங்கினேன்.

சக்கரம் எதில் செய்தது என்பதில் தனி ராமாயணம் இருக்கிறது. ரப்பர் சத்தம் போடாது. ஆனால் பாரத்தோடு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அடிப்பாகம் தட்டையாகி, கிளம்பும்போது சண்டித்தனம் பண்ணும். நைலான் பாரம் தாங்கும், வழவழவென்று ஓடும், ஆனால் ஒரு சின்னக் கல் குறுக்கே வந்தால் அப்படியே நின்றுவிடும். எங்கள் ஷெட்டில் கல்லுக்கும் அவசியமில்லை, புளியங்கொட்டை போதும். பாலியூரித்தேன் இரண்டுக்கும் நடுவில் நல்ல பிள்ளை, விலையைத் தவிர. எதுவாக இருந்தாலும் சக்கரம் பெரிதாக இருந்தால் கொட்டையைத் தாண்டி ஏறிவிடும், சின்னதாக இருந்தால் முட்டிக்கொண்டு நிற்கும்.

பெரிய சக்கரத்தை மிஷினுக்கு நேர் அடியில் வைத்தால் இன்னொரு சங்கடம். லேத் ஆறு அங்குலம் உயர்ந்துவிடும். நான் உயரமாட்டேன். லேத்தின் மையம் நின்று வேலை செய்கிறவனின் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும் என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டில் முக்காலி மேல் ஏறி நின்று கடைசல் பிடித்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் நாலு அங்குல சி சேனலில் சட்டம் அடித்து, அது தரைக்கு ஓர் அங்குலம் மேலே தொங்குகிற மாதிரி, சக்கரங்களை வெளியே நீட்டிய காதுகளில் மாட்டினேன். மிஷின் உயரவில்லை, கவிழ்கிற பயமும் குறைந்தது. போகிற வருகிறவர்களின் சுண்டுவிரல்தான் விலை கொடுத்தது.

லேத் நகர்ந்தது. ஒரு ஆள், ஒரு கை. மனைவி ஷெட்டு வாசலில் நின்று, சிலிண்டர் டிராலி கண்டுபிடித்ததே தான்தான் என்பதுபோலப் பார்த்தாள். நகர்ந்த லேத் நிற்கவில்லை என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது.

தரையைப் போட்ட மேஸ்திரி கெட்டிக்காரர். மலையில் மழை எப்படிப் பெய்யும் என்று அவருக்குத் தெரியும். உள்ளே வந்த தண்ணீர் கேட் பக்கம் ஓடட்டும் என்று பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் வைத்திருந்தார். அறுபதுக்கு ஒன்று. அறுநூறு கிலோவில் அறுபதில் ஒரு பங்கு பத்து கிலோ. அதாவது இருபத்துநாலு மணி நேரமும் யாரோ ஒருவர் பத்து கிலோ பலத்தில் என் லேத்தைக் கேட் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறார். ஓர் ஆட்டுக்குட்டி முட்டுகிற பலம்தான். ஆனால் ஆட்டுக்குட்டி களைத்துப் போகும், வாட்டம் களைக்காது. கேட்டுக்கு வெளியே ரோடு. ரோட்டுக்கு அப்பால் இறக்கம். இறக்கத்தில் எங்கள் ஒன்றுவிட்ட பெரியப்பாவின் பலா மரம்.

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது புரியும். வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்கள் சில பேர்தான். தேர் பத்திரமாக வீதியைச் சுற்றி வருவது அந்தச் சில பேரால். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரத்தோடு ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்த திருச்சி பெல் நிறுவனமே வர வேண்டியிருந்தது. இழுப்பதற்குப் பக்தி போதும், நிறுத்துவதற்கு பெல் வேண்டும்.

பிரேக் வைத்த சக்கரம் கடையில் கிடைக்கிறது. காலால் அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். ஆனால் விலை மலிந்த வகையில் சக்கரம் சுற்றுவதுதான் நிற்கும்; அதைப் பிடித்திருக்கிற கவை தன் பாட்டுக்குத் திரும்பும். லேத்தைப் போட்டு இரும்பைக் கடையும்போது மொத்த மிஷினும் இடுப்பை ஆட்டத் தொடங்கிவிடும். கடைந்த தண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் மேலெல்லாம் அலை அலையாக வரி. ஆகவே முடிவாக ஒன்று செய்தேன்: சக்கரம் நடப்பதற்கு மட்டும். வேலைக்கு நிற்கும்போது சட்டத்தின் நாலு மூலையிலும் இருக்கிற தடித்த போல்ட்டுகளைத் திருகி இறக்கினால் அவை தரையில் ஊன்றி, சக்கரங்களை அந்தரத்தில் தூக்கிவிடும்.

அங்கே வந்தது அடுத்த வினை. லேத்தின் படுக்கை துளி முறுக்கிக்கொண்டாலும் நேர் உருளையாக வர வேண்டிய தண்டு ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் மெலிந்து வரும். அதற்கென்று இருக்கிற ரசமட்டத்தில் குமிழி ஒரு கோடு நகர்ந்தால் மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் என்று அர்த்தம். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் மண்டிபோட்டு இந்தப் போல்ட்டைக் கால் சுற்று, அந்தப் போல்ட்டை அரைக்கால் சுற்று என்று குமிழியை நடுவுக்குக் கெஞ்சிக் கூட்டி வர வேண்டும். நகர்த்த ஒரு நிமிஷம், நிறுத்த ஒரு மத்தியானம்.

"நாலு ஆளுக்கு டீ போட்டதே தேவலாம்" என்றாள் மனைவி. "இப்ப நீங்க ஒருத்தரே அத்தனை டீயும் குடிக்கிறீங்க."

இதே ரோட்டில்தான் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. கனமான இயந்திரத்தை நகர்த்துவது பற்றி இந்த மலையில் யாராவது பேசலாம் என்றால் அவர்கள்தான் பேசலாம். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு ஆரம்பித்தார்கள். 1972-இல் ஜெர்மனியின் யேனாவிலிருந்து கார்ல் சைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. பிறகு, பெங்களூரில் தேய்த்து மெருகேற்றிய 2.34 மீட்டர் கண்ணாடியோடு நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய பெரிய தொலைநோக்கி. 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து வானாய்வகத்துக்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். இந்த மலையைத் தேர்ந்தெடுத்து, இந்தக் கனவைச் சுமந்த பாப்பு 1982-லேயே இறந்துவிட்டார். அந்தப் பெரிய கண்ணாடி வானத்தைப் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

அந்தத் தொலைநோக்கியின் முன் நின்றபோது எனக்கு நட்சத்திரம் ஒன்றும் தோன்றவில்லை, பேரிங்தான் தோன்றியது. பூமி சுற்றுவதற்கு எதிர்த்திசையில், 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்கிற கதியில், அத்தனை இரும்பும் அசங்காமல் ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும். தடுக்கக்கூடாது, வழுக்கவும் கூடாது. சூட்சுமம் சமநிலையில் இருக்கிறது. அச்சுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எடை சரியாக இருந்துவிட்டால், தள்ளுவதற்குப் பெரிய பலம் தேவையில்லை. அமெரிக்காவில் பாலோமரில் 1948-இல் திறந்த 200 அங்குலத் தொலைநோக்கியில் நகர்கிற பாகம் மட்டும் ஏறக்குறைய ஐந்நூறு டன். எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிற அதைச் சுழற்றப் பன்னிரண்டில் ஒரு பங்கு குதிரைத்திறன் மோட்டார் போதுமாக இருந்தது. எங்கள் வீட்டுச் சட்னி மிக்ஸியில் இருப்பது அதைவிடப் பல மடங்கு பெரிய மோட்டார்.

இன்னொன்றும் கவனித்தேன். காவலூரிலும் வாட்டம் இருக்கிறது. தொலைநோக்கியின் அச்சு வடதுருவத்தைப் பார்த்து, அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாகப் பன்னிரண்டரை பாகை சாய்ந்திருக்கிறது. அவர்கள் வானத்துக்காகச் சாய்த்தார்கள், என் மேஸ்திரி சாக்கடைக்காகச் சாய்த்தார். இதை வீட்டில் விளக்கியபோது, "அப்ப அந்த மேஸ்திரியையே அங்கயும் கூப்பிட்டிருக்கலாம்" என்ற கருத்து வந்தது.

டிரில்லிங் மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார், தலை, கப்பி எல்லாம் உச்சியில். கீழே ஒல்லியான தூண். இதை நகர்த்தும்போது இடுப்புக்குக் கீழேதான் தள்ள வேண்டும். மச்சான் தோளில் கைபோட்டுத் தள்ளினார். முன் சக்கரம் ஒரு புளியங்கொட்டையில் முட்டி நின்றது, தலை நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்ற என் மாமியாருக்கு மிஷின் குனிந்து ஒரு பெரிய வணக்கம் வைத்தது. மச்சான் கட்டிப்பிடித்துக் காப்பாற்றினார். "இந்த வீட்டுல மரியாதை தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போனார்.

இப்போது ஊரில் எனக்குப் புதுப் பெயர், சக்கர வாத்தியார். மேட்டிலும் பள்ளத்திலும் வீடு கட்டியிருக்கிறவர்களுக்கு நகர்த்த வேண்டிய சாமானுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டுக் கவுண்டருக்குச் சாமை அரைக்கிற மிஷினுக்கு டிராலி வேண்டும். டீக்கடைக்காரருக்கு அடுப்பு மேசைக்கு. ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுகிற தம்பிக்குப் பெட்டிகளுக்கு. ஒவ்வொரு டிராலிக்கும் அச்சு, புஷ், போல்ட்டு எல்லாம் கடைய வேண்டியிருப்பதால் லேத் ஓயாமல் ஓடுகிறது. ஓடுகிற லேத்தை நகர்த்த முடியுமா? இந்தப் பங்குனியில் அது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, புளி மூட்டைகள் ஹாலுக்கு வந்துவிட்டன. அட்வான்ஸ் வாங்கிப் போடுவது மனைவியின் பொறுப்பு. மூட்டையைத் தாண்டித் தாண்டி நடக்கிறாள், குறை ஒன்றும் சொல்வதில்லை.

போன வாரம் கோயில் கூட்டத்தில் மச்சான் உற்சாகத்தில் எழுந்து, பெருக்கித் துடைக்க வசதியாக இருக்கும், உண்டியலுக்கும் மாமாவிடம் சொல்லிச் சக்கரம் வைத்துவிடலாம் என்றார். நாட்டாமை கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வேணாம்பா" என்றார். "இப்ப அது வெச்ச எடத்துல இருக்குறதே பெரிய காரியம்."