நெடுந்தீவு ஒரு மலைநாடே: அலுமினிய மலைச்சைக்கிளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

மலைச்சைக்கிள் ஓட மலை வேண்டும் என்பது இத்துறையில் முதலில் எழும் பூர்வபட்சம். நெடுந்தீவில் மலை கிடையாது. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றரில் மல்லாந்து கிடக்கும் இந்தத் தீவில் உயரமான இடம் எதுவென்று கேட்டால், ஊரார் ஏதாவதொரு பனையின் வட்டைக் காட்டுவார்கள். ஆகவே அங்கே ஒருவர் அலுமினியச் சட்டமும், முன்னுக்கு மட்டும் ஷொக்கும், 24 கியரும் கொண்ட சைக்கிள் வைத்திருப்பது ஆடம்பரம், அறியாமை, கனடாவில் அண்ணன் இருப்பது ஆகிய மூன்றில் ஒன்றன் விளைவே என்பாரும் உளர். அது பொருந்தாது. நெடுந்தீவு மலைநாடே, அதன் மலை காலில் தட்டுப்படாமல் நெஞ்சில் தட்டுப்படுகிறது. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் இலக்கணத் தடையை நீக்குவோம். மலைக்குரிய பொருள் கடற்கரைக்கு வந்தால் குறிஞ்சியும் நெய்தலும் மயங்குமே எனின், மயங்கட்டும். திணை மயங்குவதைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. நிலம் மயங்குவதைத்தான் விலக்கினார். கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை என்று சொல்லிவந்தவர் வாகனத்தைச் சொல்லவில்லை என்பது உண்மையே. ஆனால் பட்டியலின் கடைசியில் இவைபோன்ற பிறவற்றுக்கும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். உரையாசிரியர்கள் எத்தனையோ பொருளை அந்த வாசலால் உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். இச்சைக்கிளும் அதனால் நுழையும். ஹான்டில் சற்று அகலமானபடியால் கொஞ்சம் சரித்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவே.

இனி வரலாறு. யாழ்ப்பாணத்தை 1658இல் கைப்பற்றி 1795 வரை ஆண்ட ஒல்லாந்தர், தங்கள் ஊரான டெல்ஃப்றின் பெயரை இத்தீவுக்குச் சூட்டினர். உலகத்திலேயே சைக்கிளில் மிகுந்த பற்றுள்ள இனத்தார், சைக்கிளுக்கென்றே தட்டையாகப் படைக்கப்பட்ட ஒரு தீவில், நூற்று முப்பத்தேழு ஆண்டுகள் சைக்கிள் இல்லாமல் இருந்துவிட்டுப் போனார்கள் என்பதை ஆராய்ச்சியாளர் எவரும் போதிய அளவு துக்கத்துடன் எழுதவில்லை. ஜேர்மனியில் கார்ல் டிறைஸ் தமது இருசக்கர மரவண்டியை மன்ஹைம் நகரில் ஓட்டிக் காட்டியது 1817இல். ஒல்லாந்தர் இன்னும் 22 ஆண்டுகள் பொறுத்திருக்கலாம். பொறுக்காதபடியால் குதிரை வளர்த்தார்கள். போர்த்துக்கேயர் காலத்தில் வந்ததாகச் சொல்லப்படும் குதிரைகள் ஒல்லாந்தர் கையில் பெருகி, பின் பிரித்தானிய அதிகாரி நோலன் என்பவரின் பொறுப்பில் இருந்து, கடைசியில் எசமான் எவருமின்றிக் கட்டாக்காலிகளாயின. 2015இல், அவை திரியும் இத்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஐரோப்பாவில் குதிரையின் வேலையைப் பறிக்க வந்த இயந்திரம் சைக்கிள். நெடுந்தீவில் குதிரை தானாகவே வேலையை விட்டு ஓய்வுபெற்று, றோட்டின் நடுவில் நின்றுகொண்டு சைக்கிள்காரரை உழக்க விட்டிருக்கிறது. பெல் அடித்தால் அது விலகாது. மலைச்சைக்கிளில் பெல்லே இல்லாதபடியால் இருவர் நேரமும் மிச்சம்.

மலைச்சைக்கிளின் பிறப்பும் ஒன்றும் பெரிய குலத்தில் நிகழவில்லை. 1976இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய, பாரமான, தடித்த ரயர் போட்ட சைக்கிள்களை மலைக்கு மேலே கொண்டுபோய், அங்கிருந்து புழுதிப் பாதையால் விழுந்தடித்து இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். இறங்கி முடிவதற்குள் பின்சில்லின் பிறேக் சூடேறி அதற்குள் இருந்த கிறீஸ் புகையாகிப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் புதுக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கே ‘மறு அடைப்பு’ என்று பொருள்படும் பெயர் வந்தது. மறு ஆண்டே ஜோ பிறீஸ் என்பவர் இதற்கென்று தனிச் சட்டம் செய்தார். அலுமினியச் சட்டமும் முன் ஷொக்கும் பிறகு வந்து சேர்ந்தவை. ஆக இதன் மூதாதை, அப்புமார் வைத்திருந்த பாரச் சைக்கிளின் அமெரிக்கச் சகோதரமே. உறவுமுறை தெரியாமல் இதை அந்நியம் என்று தள்ளுவது முறையன்று.

மலை எங்கே என்ற கேள்விக்கு வருவோம். மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோழகம் வீசுகிறது. அதன் வேகம் மணிக்கு 25 கிலோமீற்றர் என்று கொள்வோம். அந்தக் காலத்துக்கு இது மிகையான கணக்கல்ல. சைக்கிளும் ஆளுமாக 85 கிலோ, நிமிர்ந்த இருப்பு, மணிக்கு 15 கிலோமீற்றர் வேகம். காற்றில்லாத நாளில் இவரை எதிர்க்கும் காற்றுத்தடை சுமார் 6 நியூட்டன். சோழகத்துக்கு முகங்கொடுத்து அதே வேகத்தில் போனால் அது 44 நியூட்டனைத் தொடும். இடைப்பட்ட 38 நியூட்டனை மலையாக மாற்றிப் பார்த்தால், நூறு மீற்றருக்கு நாலரை மீற்றர் உயரும் ஏற்றம் வருகிறது. ஒரு கிலோமீற்றருக்கு 45 மீற்றர். நாலு கிலோமீற்றருக்கு 180 மீற்றர். சிகிரியாக் குன்று சமவெளியிலிருந்து எழுந்து நிற்கும் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. மாவிலித்துறையில் இறங்கித் தென்மேற்கு நோக்கி நாலு கிலோமீற்றர் உழக்கியவர் சிகிரியாவில் ஏறிவிட்டார். ஓவியமும் இல்லை, ரிக்கற்றும் இல்லை.

இம்மலைக்கு மற்ற மலைகளுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. பீதுருதாலகாலை ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்கிறது. நெடுந்தீவு மலையோ இடம் மாறும். மாரியில் வாடை எழும்பியதும் ஏற்றம் வடகிழக்குப் பக்கம் போய்விடும். சோழகத்தில் ஊருக்குள் போகும்போது இருந்த மலை, வாடையில் துறைக்குத் திரும்பும்போது எதிரே நிற்கும். இது வெறும் புவியியற் செய்தியன்று. சோழகத்தில் பிந்துகிறவர் சாப்பாட்டுக்குத்தான் பிந்துவார். வாடையில் பிந்துகிறவர் படகை விடுவார். மலையின் மறுபக்கம் இறக்கம் என்பதும் இங்கே உறுதி. காற்றை முதுகில் வாங்கி வருபவர் ஒழுங்கான றோட்டில் மிதிக்காமலே நடைவேகத்தைத் தாண்டி வரலாம். இந்த இறக்கத்தில் பிறேக் சூடேறாது, கிறீஸும் மிச்சம்.

கியரின் தேவை இதனாற் பெறப்படும். முன்னுக்கு 44 பல்லும் பின்னுக்கு 18 பல்லும் கொண்ட பழைய றலிச் சைக்கிள் பெடல் ஒருமுறை சுற்ற ஐந்து மீற்றருக்கு மேல் ஓடும். காற்றுக்கு எதிரே அந்த ஐந்து மீற்றரையும் ஒரே மிதியில் வாங்க வேண்டும். அதனாற்தான் சோழகத்தில் எங்கள் ஆட்கள் சீற்றை விட்டு எழும்பி நின்று உழக்குகிறார்கள். மலைச்சைக்கிளின் ஆகக் குறைந்த கியரில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீற்றர்தான். கால் சுழன்றுகொண்டே இருக்கும், சைக்கிள் போவதாகத் தெரியாது, பக்கத்தால் நடந்து போகிறவர் சுகம் விசாரிப்பார். ஆனால் இறங்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பார் ஒரு வலுவான அம்பை எய்வர். காற்று பாரத்தைப் பார்ப்பதில்லை, உருவத்தைத்தான் பார்க்கிறது. உண்மை மலையில் 8 கிலோ குறைந்தால் அவ்வளவுக்கு உழைப்புக் குறையும். காற்று மலையில் சைக்கிள் 20 கிலோவானாலும் 12 கிலோவானாலும் தடை ஒன்றே. அப்படியானால் அலுமினியம் எற்றுக்கு எனின், துறைக்கு என்க.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் வரை தரை. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடல். சைக்கிளைத் துறையிலிருந்து படகுக்குக் கையால் தூக்கிக் கொடுக்க வேண்டும். துறை அசையாது, படகு ஏறி இறங்கும். கீழே இருப்பவர் விட்ட கணத்துக்கும் மேலே இருப்பவர் பிடித்த கணத்துக்கும் இடையில் சைக்கிள் எவருடைய சொத்தும் அல்ல. அங்கே இருப்பது செங்குத்தான ஒரு மீற்றர். உலகத்துச் சைக்கிள் விளம்பரங்கள் எல்லாம் பாரக்குறைவை ஓட்டத்தில் வைத்துப் பேசுகின்றன. ஒரு சைக்கிளின் பாரம் உண்மையில் தெரிவது அதைச் சுமக்கும்போதுதான். உருக்கின் அடர்த்தியில் அலுமினியத்துக்கு மூன்றில் ஒரு பங்கே என்று இரசாயனப் புத்தகம் சொல்வதைக் குறிகட்டுவானில் தோள் சொல்லும். விறைப்பும் மூன்றில் ஒரு பங்கே என்பதால் குழாய்களை மொத்தமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அதைக் கண்டு, ‘உந்த மொத்தக் குழாயை என்னெண்டு உழக்கிறாய்?’ என்று இரங்குவோர் ஒருகையால் தூக்கிப் பார்த்ததும் மௌனமாவர். தூக்கிப் பார்ப்பது இத்தீவில் கட்டாயச் சடங்கு. முன் ஷொக்கை அமத்திப் பார்ப்பது, தூக்கிப் பார்ப்பது, விலை கேட்பது, அனுப்பினது ஆரென்று கேட்பது என்ற வரிசை மாறுவதில்லை.

முன்னுக்கு ஷொக், பின்னுக்கு வெறும் சட்டம் என்ற அமைப்பைப் பற்றியும் கருத்து வேற்றுமை உண்டு. இதைப் புதுமை என்போர் பழைய றலியின் தோல் சீற்றுக்குக் கீழே இருந்த இரண்டு தடித்த சுருள்வில்லை மறந்தவர்கள். அந்த வில்லுகள் இருந்தது பின்பக்கத்தில். இடைப்பட்ட காலத்தில் வில் பிட்டத்திலிருந்து கைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. இது முன்னேற்றமா என்பது உடம்பின் எந்தப் பகுதியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. மேடும் பள்ளமுமான முருகைக்கல் ஒழுங்கைகளில் கை இராசபோகம் அனுபவிக்க, மற்றது பழைய காலத்தை நினைத்து ஏங்கும். தடித்த ரயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் ஏக்கம் தணியும். நிறையக் குறைத்தால் நெருஞ்சி முள் வேலை பார்க்கும். அமெரிக்காவின் வரண்ட மாநிலங்களில் சைக்கிள்காரர் சபிப்பதும் இதே நெருஞ்சியைத்தான். இந்த ஒரு விடயத்தில் மரினுக்கும் மாவிலித்துறைக்கும் அதிக தூரமில்லை.

உப்பை விட்டுவிட முடியாது. அலுமினியம் தன்மேல் தானே ஒரு மெல்லிய ஒட்சைட்டுத் தோலைப் போர்த்திக்கொள்வதால் துருப்பிடிக்காது; அதைப் பிடித்திருக்கும் உருக்கு ஆணி துருப்பிடிக்கும். இரண்டு உலோகமும் உப்பீரத்தில் நெருங்கியிருந்தால் மின்வேதி அரிப்பு நடந்து, வெள்ளைத் தூளாகப் பொங்கி இறுகிவிடும். சீற் தண்டு சட்டத்துக்குள் அப்படி இறுகினால், சீற்றின் உயரம் அன்றோடு பரம்பரைச் சொத்து. பிள்ளைகள் அதற்கேற்ப வளரவேண்டியதுதான். மருந்து இலேசானது: இடைக்கிடை தண்டைக் கழற்றிக் கிறீஸ் பூசுவது, கடற்பயணத்துக்குப் பிறகு நல்ல தண்ணீரில் கழுவுவது. ஆனால் நல்ல தண்ணீருக்கே ஊர் சாராப்பிட்டிக் கிணறுகளைப் பார்த்திருந்த தீவில் ஒருவர் சைக்கிளைக் குளிப்பாட்டுவதை அறநூல்கள் எப்படிக் கொள்ளும் என்பது தனி ஆய்வுக்குரியது. ஈரத்துணியால் துடைக்கலாம் என்பது இக்கட்டுரையாளர் கண்ட சமரசம்.

மலையும் உப்பும் கடந்தாலும் சமூகம் இருக்கிறது. வாசிகசாலையடியில் ஒரு பெரியவர் நடத்திய நேர்முகப் பரீட்சை பின்வருமாறு:

‘கரியர் எங்கை தம்பி?’

‘இல்லை அப்பு, இது கரியர் இல்லாமத்தான் வாறது.’

‘ஸ்ராண்ட்?’

‘அதுவும் இல்லை.’

‘மட்காட்? பெல்? டைனமோ?’

‘இல்லை.’

‘அப்ப என்னதான் கிடக்கு?’

‘கியர் இருவத்திநாலு கிடக்கு.’

‘இஞ்சை அத்தினை றோட்டே இல்லையே!’

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்விகள் அல்ல இவை. டைனமோவைப் பற்றி அவர் கேட்டது வெளிச்சத்துக்காக அன்று. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் பற்றரியும் இல்லாத வடக்கில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, அந்த டைனமோ மின்சாரத்தில் வானொலி பேசியது. பிபிசி தமிழோசை கேட்க ஒரு வீட்டுக்கு ஒரு சைக்கிளும் களைக்காத ஒரு பொடியனும் தேவைப்பட்டார்கள். செய்தி முடியும் மட்டும் சில்லு நிற்கக் கூடாது. அந்தச் சைக்கிள் மூட்டை ஏற்றியது, நோயாளியை ஏற்றியது, இடம்பெயர்ந்தபோது குடும்பத்தை ஏற்றியது. அதைப் பார்த்தவருக்கு ஆளை மட்டும் ஏற்றும் சைக்கிள், பாதி செய்து கைவிட்ட வேலையாகத்தான் தெரியும். சட்டத்தின் மேற்குழாய் சரிந்திருப்பதால் பாரில் பிள்ளையை இருத்தவும் முடியாது. செயின் கவரும் இல்லை. சாரம் கட்டி ஓடினால் செயின் அதைத் தின்னும். ஸ்ராண்ட் இல்லாத குறையால் கல்வேலியில் சாத்தினால், சாந்தில்லாமல் அடுக்கிய அந்தக் கற்களில் எது எதைத் தாங்குகிறது என்பது வீட்டுக்காரர் வெளியே வரும்போது தெரியவரும்.

எனவே மலைநாட்டுச் சைக்கிள் தீவுக் குடியுரிமை பெற வேண்டியதாயிற்று. இரும்பு ஒட்டும் கடையில் அலுமினியத்தை ஒட்ட இயலாது. ஆகையால் கரியரைக் கிளிப் போட்டுத்தான் பூட்ட வேண்டும். இரண்டுக்கும் இடையில் பழைய ரியூப் துண்டொன்றை வெட்டி வைத்தால் சட்டமும் காயப்படாது, உப்பு அரிப்பும் குறையும். பின்சில்லின் இடப்பக்கத்தில் டிஸ்க் பிறேக் துருத்திக்கொண்டு நிற்பதால் கரியரின் அந்தக் காலை ஓரங்குலம் வெளியே வளைக்க வேண்டும். ஊர்ச் சைக்கிள் கடையில் அதை முழங்காலில் வைத்தே வளைத்தார்கள். பிறகு ஸ்ராண்ட், மட்காட், பெல். குறிகட்டுவானில் மிச்சம் பிடித்த பாரத்திற் பாதி திரும்பி ஏறிவிட்டது. மறுநாள் பெரியவர் வந்து, தூக்கிப் பார்க்காமல், கரியரை மட்டும் இருகையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

‘இப்பதான் சைக்கிள் மாதிரிக் கிடக்கு,’ என்றார். ‘இருவது லீற்றர்க் கான் ஒண்டு தாங்கும். சாராப்பிட்டிப் பக்கம் போனால் எனக்கும் ஒண்டு நிரப்பியா.’

கானைக் கட்டுவதற்கு ரியூப் கயிறும் அவரே தந்தார். அது சோழகக் காலம். போகும்போது கான் வெறுமை.