இரங்கல் செய்தியில் கட்சிக்கொடி

திருச்சி வாசகர்: இறந்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பது நம் மரபு. தலைவர் மறைந்த அன்றே அவர் தவறுகளைப் பத்திரிகையில் எழுதலாமா?

பதில்: துக்க வீட்டு வாசலில் நின்று பேசக் கூடாது. பத்திரிகை துக்க வீடு அல்லவே! ஒரே கையெழுத்தில் லட்சம் குடும்பங்களின் வேலையை, நிலத்தை, உயிரை மாற்றியவர் இறந்தால், அந்தக் கையெழுத்தும் அன்றைய செய்திதான். குடும்பத்துக்கு ஆறுதல் சொல்ல உறவினர் இருக்கிறார்கள். வாசகருக்கு நடந்ததைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

தேனி வாசகர்: சார்பு என்றால் திட்டி எழுதுவதுதானே?

பதில்: திட்டினால் நல்லது, உடனே தெரிந்துவிடும். விட்டுவிட்டு எழுதினால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். 1953 முதல் 1964 வரை சோவியத் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தலைமை தாங்கியவர் குருஷ்சேவ். 1956-ல் கட்சி மாநாட்டில் ஸ்டாலினின் கொடுமைகளைப் போட்டு உடைத்தவர். 1962-ல் கியூபா ஏவுகணை விவகாரத்தில் கென்னடிக்கு எதிரே நின்றவர். 1971 செப்டம்பர் 11-ல் இறந்தார். கட்சி நாளேடான ‘பிராவ்தா’ மூச்சு விடவில்லை. 13-ஆம் தேதி, அடக்கம் நடந்த அன்று, ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. வகித்த பதவி, நோய், வயது. கூடவே ‘ஓய்வூதியர்’ என்று ஓர் அடைமொழி. 1956 பற்றி ஒரு சொல் இல்லை. அந்த அறிவிப்பில் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் அதைப் படித்த ஒருவருக்கு குருஷ்சேவ் யார் என்று கடைசிவரை தெரிந்திருக்காது.

கோவை வாசகர்: அது சர்வாதிகார நாடு. சுதந்திரப் பத்திரிகைகள் உள்ள பிரிட்டனில் இப்படி நடக்குமா?

பதில்: அங்கே மறைக்க முடியாது, ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொள்வார்கள். முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் 2013 ஏப்ரல் 8-ல் இறந்தார். மறுநாள் காலை லண்டன் பேப்பர் கடையில் நின்றவர் இரண்டு தாட்சர்களைப் பார்த்தார். ‘டெய்லி மெயில்’ முதல் பக்கத்தில் அவர் பிரிட்டனைக் காப்பாற்றிய பெண். ‘டெய்லி மிரர்’ முதல் பக்கத்தில் நாட்டைப் பிளந்த பெண். முதலாவது வலதுசாரிப் பத்திரிகை, இரண்டாவது லேபர் கட்சியை ஆதரிப்பது. 11 ஆண்டு ஆட்சிக்கு ஆளுக்கொரு வாக்கியத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது என்பதுதான் விஷயம். நகராட்சி வீட்டில் வாடகைக்கு இருந்தவர் அந்த வீட்டையே சொந்தமாக வாங்க வழி செய்தார் தாட்சர். வாங்கியவருக்கு அவர் தெய்வம். 1984-85-ல் ஓராண்டு நீடித்த வேலைநிறுத்தத்தில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்கடித்தார். அதன் பிறகு சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அவர் இறுதி ஊர்வலம் லண்டனில் ராணுவ மரியாதையோடு போன ஏப்ரல் 17-ஆம் தேதி, தெற்கு யார்க்‌ஷயரில் கோல்ட்தார்ப் என்ற பழைய சுரங்க ஊரில் அவர் உருவ பொம்மையைச் சவப்பெட்டியில் வைத்து ஊர்வலம் போய் எரித்தார்கள். ஒரு மனுஷி செத்ததற்கு இப்படிக் கொண்டாட்டமா என்று எனக்கும் கசக்கிறது. ஆனால் 28 ஆண்டு ஆறாத கோபம் ஓர் ஊரில் ஏன் மிச்சம் இருந்தது என்று கேட்டு எழுதாத இரங்கல் கட்டுரை, பாதி வேலையில் எழுந்து போன கட்டுரை.

பி.பி.சி.யும் இந்தக் கசப்பில் மாட்டிக்கொண்டது. தாட்சர் எதிர்ப்பாளர்கள் ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் சூனியக்காரி செத்ததைக் கொண்டாடும் பாட்டைக் காசு கொடுத்து வாங்கி வாங்கி, விற்பனைப் பட்டியலில் 2-ஆம் இடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். பட்டியலில் ஏறிய பாட்டை வானொலியில் போட வேண்டும். போட்டால் அநாகரிகம், போடாவிட்டால் தணிக்கை. சில விநாடிகள் மட்டும் ஒலிக்கவிட்டு, ஏன் அந்தப் பாட்டு ஏறியது என்று செய்தியாகச் சொன்னார்கள். இரு தரப்பும் திட்டியது. நான் அதைச் சரியான முடிவு என்றே சொல்வேன்.

சேலம் வாசகர்: ஒரே தலைவர் வெளிநாட்டில் வீரர், உள்நாட்டில் துரோகி. எதை நம்புவது?

பதில்: கோர்பச்சேவைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சோவியத் யூனியனின் கடைசித் தலைவர், 2022 ஆகஸ்ட் 30-ல் மறைந்தார். 1990-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர், பனிப்போரை முடித்தவர் என்று மேற்கு உருகியது. ரஷ்யாவில் முழு அரசு மரியாதை இல்லை. புதின் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. நம்மில் பலர் இதோடு நிறுத்திக்கொண்டோம். மூன்றாவதாக ஒரு குரலும் இருந்தது. சோவியத் பிடியில் இருந்து பிரியப் போராடிய லித்துவேனியாவின் குரல். 1991 ஜனவரியில் வில்னியஸ் நகரத் தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காக்க நின்ற மக்கள் மீது சோவியத் படை பாய்ந்ததில் 14 பேர் செத்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தவர் இதே கோர்பச்சேவ். அவரை நாங்கள் புகழ மாட்டோம் என்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சரே சொன்னார். ஆகவே வெளிநாடா உள்நாடா என்று பார்க்காதீர்கள். அடிபட்டவன் இருந்த ஊரில் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள்.

ஈரோடு வாசகர்: பயங்கரவாதி செத்தாலும் மரியாதையாக எழுதுகிறார்களே?

பதில்: 2019 அக்டோபரில் ஐ.எஸ். தலைவன் அல் பாக்தாதி இறந்தபோது, ‘வாஷிங்டன் போஸ்ட்’ அவனை எளிய வாழ்க்கை வாழும் மத அறிஞர் என்று தலைப்பிட்டது. வாசகர்கள் கொதித்தார்கள், தலைப்பு மாறியது. வாசகர் கோபத்துக்கு அவ்வளவு பலம் உண்டு.

வேலூர் வாசகர்: தலைவர் உயிரோடிருக்கும்போதே சேனல்கள் கொன்றுவிடுகின்றன. இதுவும் அரசியலா?

பதில்: பாதி அவசரம், பாதி அரசியல். 1979 மார்ச்சில் ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாயே மக்களவையில் அறிவித்தார். ஜே.பி. உயிரோடிருந்தார், காலமானது அக்டோபரில். அது தவறான தகவல். 2016 டிசம்பர் 5 மாலை வேறு கதை. முதல்வர் ஜெயலலிதா மறைந்தார் என்று பல தமிழ்ச் சேனல்கள் சொல்ல, அ.தி.மு.க. தலைமை அலுவலகக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுக்க, கொடி திரும்ப ஏறியது. இரவு 11.30-க்கு உயிர் பிரிந்ததாக அறிவித்தார்கள். அவர் மரணத்தை விசாரித்து, 2022-ல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட ஆறுமுகசாமி ஆணைய அறிக்கையோ, டிசம்பர் 4 பிற்பகலிலேயே மரணம் நடந்ததாகச் சொன்னது.

சேனல்களை மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியாது. முதல்வர் மருத்துவமனையில் இருந்த 75 நாளும் ஒரு புகைப்படம் வெளிவரவில்லை. வதந்தி பரப்பியதாகச் சாதாரண மக்கள் மேல் வழக்கு பாய்ந்தது. ஒரு மாநிலமே ‘அம்மா எப்படி இருக்கிறார்?’ என்று கேட்டபோது அதிகாரத்தில் இருந்தவர்கள் வாயைப் பூட்டிக்கொண்டார்கள். கதவை இடித்துக் கேட்டிருக்க வேண்டிய ஊடகங்களில் பெரும்பாலானவை மருத்துவமனை அறிக்கையை அப்படியே வாசித்தன. அந்த மௌனமும் அரசியல்தான்.

நாகர்கோவில் வாசகர்: கட்சிக்கொரு சேனல் வைத்திருக்கும் தமிழ்நாட்டில் நடுநிலை சாத்தியமா?

பதில்: கட்சிச் சேனல் தன் தலைவருக்காக அழுவதை நான் குறையாகவே நினைக்கவில்லை. யாருடைய வீடு என்று வாசலிலேயே எழுதியிருக்கிறது. நடுநிலை என்று பெயர் வைத்துக்கொண்டு, ஆட்சியில் இருப்பவர் முகம் பார்த்து நேரம் ஒதுக்குகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

தஞ்சை வாசகர்: அன்றைய பரபரப்பில் நிதானமாக எழுத நேரம் ஏது?

பதில்: முன்பே எழுதி வைக்கலாம். ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர் 2011-ல் இறந்தபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிட்ட இரங்கல் கட்டுரையை எழுதிய மெல் கஸோ 2005-லேயே இறந்துவிட்டார். எழுதியவர் போன பிறகும் கட்டுரை காத்திருந்தது! தலைவர் உயிரோடிருக்கும்போதே ஆதாரங்களைத் திரட்டி, அவரால் வாழ்ந்தவரையும் கெட்டவரையும் நேரில் கேட்டு எழுதி வைத்தால், கண்ணீரும் வெறுப்பும் கையைப் பிடித்து இழுக்காது. தமிழ் நாளேடுகள் இதற்கென்று ஓர் ஆளையாவது உட்கார வைக்க வேண்டும்.

மன்னார்குடி வாசகர்: நாங்கள் என்ன செய்வது?

பதில்: அடுத்து ஒரு பெரிய தலைவர் மறையும் நாளில் உங்களுக்குப் பிடித்த நாளேட்டோடு பிடிக்காத ஒன்றையும் வாங்குங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் விடுபட்டதைக் கோடிடுங்கள். உங்கள் பத்திரிகை விட்டிருந்தால், ஆசிரியருக்கு அன்றே எழுதுங்கள். பெயரும் ஊரும் போட்டு எழுதுங்கள்.